இன்ட் முதலான பெருமக்களுக்கு ராபர்ட்சன்பேட்டையின் பாராட்டுமடல்

மாண்புமிகு இன்ட், லாங், ஃப்ளோட், டபுள், டெசிமல், பைட், ஸ்ட்ரிங், பூலியன், நல் முதலான டேட்டா டைப் பெருமக்களே!



கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் ராபர்ட்சன்பேட்டைக்குச் சோறு போடுபவர்களின் வரிசையில் தாங்களும் இருக்கிறீர்கள். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று ஆளேற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகிறது. அதில் கட்டட வேலைக்குப் போகிறவர் உண்டு, காவல் வேலைக்குப் போகிறவர் உண்டு. முதுகுப் பையில் லேப்டாப்போடு தங்களுக்கு ஊழியம் செய்யப் போகும் பிள்ளைகளும் உண்டு. பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் இறங்கினார். பேத்தி சி ஷார்ப்பில் பிறந்த ஓர் எண்ணைப் பத்திரமாகக் கொண்டுபோய் ஜாவாவிடம் ஒப்படைக்கிறாள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் கோடிங் சொல்லித்தருகிறவன் நான். தங்களைப் பற்றிப் பேசியே பிழைப்பவன் என்பதால் தங்களை முறையாகப் புகழ வேண்டிய கடமை எனக்கு உண்டு. இந்த மடலில் இல்லாததும் பொல்லாததும் கிடையாது. ஒவ்வொரு கீர்த்தியும் கம்பைலரில் போட்டு எவரும் சரிபார்க்கக்கூடியது.

பெயர் மாறாப் பெருந்தகையே!

பெயரைக் காப்பாற்றுவதில் தங்களுக்கு நிகர் தாங்களே. விஷுவல் பேசிக் 6இல், அதாவது விபி 6இல், இன்டிஜர் என்ற பெயரோடு 16 பிட் அகலத்தில் வாழ்ந்தீர்கள். 32,767க்கு மேல் ஏறியதில்லை. 2002இல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளம் வெளியானது. விபி டாட்நெட்டில் அகலம் 32 பிட் ஆயிற்று, பெயர் இன்டிஜராகவே நின்றது. லாங் அவர்கள் 32 பிட்டிலிருந்து 64 ஆனார். அவரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. உடம்பு இரட்டிப்பானாலும் பழைய பெயரே போதும் என்ற அந்த எளிமையை என்னவென்று சொல்வது! விண்டோஸ் நூலகங்களை அழைக்கப் பழைய புரோகிராமில் லாங் என்று எழுதியிருந்ததை அப்படியே புதிய புரோகிராமுக்குக் கொண்டுவந்தவர்கள், 4 பைட் கேட்ட இடத்தில் 8 பைட் கொடுத்துத் தங்கள் எளிமைக்குக் காணிக்கை செலுத்தினார்கள்.

சி மொழியில் தங்கள் பணிவு இன்னும் பெரிது. 64 பிட் லினக்ஸில் லாங் என்றால் 64 பிட். 64 பிட் விண்டோஸில் லாங் என்றால் 32 பிட். கம்ப்யூட்டர் அதேதான், சிப் அதேதான், எழுதிய வரியும் அதேதான். போன இடத்தின் வழக்கப்படி உருவத்தைச் சுருக்கிக்கொள்கிறீர்கள். ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் லாங் எங்கும் 64 பிட்தான் என்பதால், சி மொழி லாங்கோடு பேசுவதற்கென்றே தனியாக ஒரு டைப்பை 2021இல் டாட்நெட் 6 கொண்டுவர வேண்டியிருந்தது. இருபதாம் ஆண்டை நெருங்கிய ஒரு தளத்தையே தங்களுக்காகத் திருத்த வைத்தீர்கள்.

ஃப்ளோட் அவர்களின் புகழ் தனியாகச் சொல்லத்தக்கது. சி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும் மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பிள்ளைகள். ஒரே ரன்டைமில் ஓடுபவை. சி ஷார்ப்பில் ஃப்ளோட் 32 பிட், எஃப் ஷார்ப்பில் ஃப்ளோட் 64 பிட். பைதானில் 64. எஸ்கியூஎல் சர்வரில் அளவு சொல்லாமல் ஃப்ளோட் என்று எழுதினால் அதுவும் 64. 32 பிட் ஃப்ளோட்டில் 1,67,77,216 வரை எல்லா முழு எண்ணும் பிசகாமல் நிற்கும். அடுத்த ஒரு ரூபாய்க்கு அங்கே இடமில்லை. சி ஷார்ப் புரோகிராமில் ஃப்ளோட், டேட்டாபேஸிலும் ஃப்ளோட், பெயர் பொருந்துகிறது என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவருக்கு அந்த ஒரு ரூபாய் கண்ணில் படுவதில்லை.

தங்கம் தோண்டிய ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெருமை விளங்கும். தங்கத்தை நிறுக்கும் அவுன்ஸ் 31.1 கிராம், மற்றதை நிறுக்கும் அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டின் பெயரும் அவுன்ஸ்தான். ஆனால் எந்த அவுன்ஸ் என்று கேட்காமல் தங்கம் ஒரு குண்டுமணிகூடக் கைமாறாது. தாங்களோ கேட்பாரில்லாமலே கைமாறும் பேறு பெற்றவர்கள்.

பொறுமையின் சிகரமே!

32 பிட் இன்ட் 2,147,483,647 வரை சுமக்கும். அதோடு இன்னும் ஒன்றைக் கூட்டினால் ஜாவாவில் தாங்கள் முகம் சுளிப்பதில்லை, புகார் சொல்வதில்லை. மைனஸ் 2,147,483,648 என்ற விடையை அமைதியாகத் தருகிறீர்கள். சி ஷார்ப்பும் வழக்கமாக அதே அமைதியைக் கடைப்பிடிக்கிறது. விபி டாட்நெட் மட்டும் ‘ஓவர்ஃப்ளோ’ என்று கத்திவிடுகிறது. இரண்டும் ஓடுவது ஒரே ரன்டைமில், இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே 32 பிட் எண். விபியில் எழுதி வருஷக்கணக்காக ஓடிய ஒரு கணக்கை அதே ரன்டைமில் சி ஷார்ப்புக்கு மாற்றியவர், வரிக்கு வரி பொருத்தம் பார்த்துத்தான் மாற்றியிருப்பார். வரிகளில் பிழை இருக்காது. எச்சரிக்கை மட்டும் காணாமல் போயிருக்கும்.

பைட் அவர்கள் சி ஷார்ப்பில் 0 முதல் 255 வரை ஆட்சி செய்கிறார். ஜாவாவில் அவர் ஆட்சி மைனஸ் 128 முதல் 127 வரை. இங்கிருந்து 200 என்று புறப்பட்டவர் அங்கே மைனஸ் 56 என்று இறங்குகிறார். உள்ளே எட்டுப் பிட்டும் அப்படியே இருக்கின்றன, ஒன்றுகூடச் சேதமில்லை. பொருள் மட்டும் தலைகீழ்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் வழக்கமான எண் எல்லாம் 64 பிட் டபுள்தான். அதில் 9,007,199,254,740,992க்கு அப்பால் முழு எண்கள் எல்லாம் நிற்பதில்லை. ஜாவாவின் லாங் அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய எண்ணைச் சுமந்து வந்து வாசலில் நின்றாலும், பிரவுசர் அதை மறுப்பதில்லை. கடைசி இலக்கங்களைத் தனக்கு வசதிப்படி மாற்றிக்கொண்டு உள்ளே விடுகிறது. 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களைப் பெரிதாக்கியபோது, அதே எண்ணை எழுத்து வடிவிலும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இந்த உபசரிப்பைக் கண்டுதான்.

ஒருமுறை தாங்கள் வாய் திறந்ததும் வரலாற்றில் இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டில், ஒரு 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றச் சொன்னார்கள். கொள்ளாது என்று அன்றைக்குச் சொன்னீர்கள். அந்தச் சொல்லைக் காதில் வாங்க அந்த இடத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருக்கவில்லை. சுமார் 40 விநாடியில் ராக்கெட் வானில் சிதறியது. பேசினால் என்ன ஆகும் என்று அன்று கண்டதால்தான் இன்று இவ்வளவு பொறுமையோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

எங்கள் ஊரின் பின்கோடு 563122. 16 பிட் இன்டிஜரில் அது அடங்காது. இந்தியாவின் எந்தப் பின்கோடும் அடங்காது. பத்து இலக்க செல்போன் எண் 32 பிட்டில் அடங்காது. பி.எஃப். சந்தாதாரருக்குத் தரும் 12 இலக்க எண்ணும் அடங்காது. பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகவே வாங்கிக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் கடிகாரங்களுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8.44.07 கடைசி விநாடி. இன்று 20 ஆண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்குபவரின் கடைசித் தவணை அந்தக் காலையைத் தாண்டித்தான் வரும். அத்தனை பேருடைய சுமையையும் தாங்கள் மௌனமாகவே தாங்குகிறீர்கள்.

நடுநிலை தவறாத நிதியரசே!

12.5 என்ற எண்ணைக் கொடுத்து, கிட்டத்திலுள்ள முழு எண்ணைத் தாருங்கள் என்று கேட்டால் டாட்நெட்டின் ரவுண்ட் 12 தருகிறது. ஜாவாவின் ரவுண்ட் 13 தருகிறது. பைதான் 3 தருவது 12. எஸ்கியூஎல் சர்வர் தருவது 13. எக்செல் தாளில் ரவுண்ட் என்று எழுதினால் 13. அதே எக்செல் கோப்புக்குள் மேக்ரோவில் ரவுண்ட் என்று எழுதினால் 12. யார் கேட்டாலும் மனம் நோகாதபடி ஆளுக்கொரு விடை.

டாட்நெட்டின் முறையைக் குறைசொல்ல முடியாது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு நகர்த்துகிறது அது. ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது மொத்தம் மேல்பக்கமே சாய்ந்துவிடாமல் இருக்க வகுத்த நல்ல முறை. நடுநிலை என்று நான் புகழ்வது அதைத்தான். ஆனால் 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதித் திட்டம் வேறொன்று சொல்கிறது. 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய். அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிட வேண்டும்.

இதைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2014 செப்டம்பரில் பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் ஆயிற்று. அதில் பென்ஷனுக்குப் போகும் 8.33 சதவீதம் 1,249 ரூபாய் 50 பைசா. விதிப்படி 1,250. சம்பளப் பட்டியல் புரோகிராம் எழுதியவர் முதலில் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தொகையைத்தான். டாட்நெட்டின் ரவுண்டும் 1,250 என்றே தருகிறது. விதி தெரிந்ததால் அல்ல. 1,250 இரட்டைப்படை எண் என்பதால். புரோகிராம் சரி என்று கையெழுத்தாகிவிடுகிறது. அடுத்து, தினக்கூலிக் கணக்கில் 12,587 ரூபாய் 50 பைசா வாங்கும் ஒரு தொழிலாளி வருகிறார். 12 சதவீத பி.எஃப். பிடித்தம் 1,510 ரூபாய் 50 பைசா. விதிப்படி 1,511. டாட்நெட் தருவது 1,510. அதே கணக்கை ஜாவாவில், பாதியை மேலே ஏற்றும் முறையைச் சொல்லிச் செய்த இன்னொரு அலுவலகத்தில் 1,511. இரண்டு பட்டியலையும் ஒப்பிட உட்காரும் கணக்கர், ஒரு ரூபாய் எங்கே போயிற்று என்று இரவெல்லாம் தேடுகிறார். எந்தப் பட்டியலிலும் கூட்டல் தப்பில்லை. தங்கள் நடுநிலைதான் அந்த ஒரு ரூபாய்.

டபுள் அவர்களின் துல்லியமும் போற்றத்தக்கது. நம் பழைய தமிழ்க் கணக்கில் அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. இந்த இரண்டையும் அவர் பிசிறில்லாமல் ஏற்கிறார். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்த மூன்றையும் அவரால் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. இரண்டிரண்டாகப் பிளந்து கிடைக்கும் பின்னங்கள் மட்டுமே அவருக்குச் சுத்தமானவை. 10 பைசாவும் 20 பைசாவும் சேர்ந்தால் அவர் கணக்கில் 0.30000000000000004 ரூபாய். பத்தின் அடுக்குகளில் எண்ணும் டெசிமல் சி ஷார்ப்பில் மொழியோடு பிறந்த டைப். ஜாவாவில் அது பிக்டெசிமல் என்ற நூலக வகுப்பு. ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படி ஒரு டைப்பே மொழியோடு வரவில்லை. காசுக் கணக்கு மூன்று மொழிகளையும் கடந்து போகும்போது முதல் படியில் டெசிமலாக இருந்தவர் மூன்றாம் படியில் டபுளாகிவிடுகிறார். வழியில் யாரும் தடுப்பதில்லை.

எழுத்தெண்ணிப் படித்த ஏந்தலே!

ஸ்ட்ரிங் அவர்களே, தங்கள் புலமைக்கு எங்கள் ஊர்ப் பெயரே சான்று.

ராபர்ட்சன்பேட்டை. ரா, ப, ர், ட், ச, ன், பே, ட், டை என்று விரல்விட்டு எண்ணும் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது எழுத்து. ஸ்விஃப்ட் மொழியிடம் கேட்டால் அதுவும் 9 என்கிறது. ஜாவா, சி ஷார்ப், பைதான் மூன்றும் 16 என்கின்றன. புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதால். கூகுளின் கோ மொழி 48 என்கிறது; அது யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணுகிறது. ஒன்பது, பதினாறு, நாற்பத்தெட்டு. மூன்றும் ‘நீளம்’ என்ற ஒரே கேள்விக்கு வந்த விடைகள். இதே பெயரைக் கன்னடத்தில் எழுதும்போது, எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை நடுவில் இடுவது வழக்கம். அதுவும் எண்ணிக்கையில் சேரும். எங்கள் ஊரில் பெயர்ப்பலகை இரண்டு மொழியில் இருக்கும். எண்ணிக்கை அதைவிடப் பல மொழியில் இருக்கும்.

இந்தப் புலமையின் பயனை டேட்டாபேஸில் காணலாம். ஆரக்கிளில் ஊர்ப் பெயருக்கு 40 என்று நீளம் கொடுத்தால், வேறு ஏதும் சொல்லாதவரை அது 40 பைட். எங்கள் ஊர்ப் பெயருக்கு உள்ளே இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் தாராளமாக அடங்கும். பரிசோதித்தவர் ஆங்கிலத்தில்தான் எழுதிப் பார்த்திருப்பார். மைஎஸ்கியூஎல்லில் 40 என்றால் 40 குறிகள், இடம் மிஞ்சும். எஸ்கியூஎல் சர்வரின் பழைய வார்சார் பத்தியில் தமிழ் நுழைந்தால் பிழைச் செய்திகூட வருவதில்லை. பதினாறு கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். சி ஷார்ப்பில் அது ஸ்ட்ரிங், டேட்டாபேஸிலும் எழுத்துப் பத்தி; டைப் பொருத்தம் சரி. ஊர்தான் காணோம்.

கோலார் என்ற பெயரில் தங்கள் நுண்மை இன்னும் துலங்குகிறது. ‘கோ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாக எழுதலாம்; தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் மயிரிழைகூட வேறுபடாது. ஸ்விஃப்ட் இரண்டையும் ஒன்று என்கிறது. ஜாவாவும் பைதானும், சமக்குறி போட்டுக் கேட்டால் சி ஷார்ப்பும், வேறு வேறு என்கின்றன. ஒரு ஃபோனில் தட்டிய கோலாரை இன்னொரு கம்ப்யூட்டரில் தேடுகிறவருக்கு, அப்படி ஓர் ஊர் பட்டியலில் இல்லை என்ற விடை வருகிறது. ஊர்க்காரர் எதிரிலேயே நிற்கிறார்.

ஒற்றை எழுத்துக்கான டைப்பாகிய சார் அவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஜாவா 1996இல் வெளியானபோது உலகின் எழுத்தெல்லாம் 16 பிட்டில் அடங்கும் என்று நம்பி அவருக்கு அந்த அகலம் தந்தார்கள். அதே ஆண்டில் யூனிகோட் அந்த எல்லையைத் தாண்டும் வழியை வகுத்தது. 2019இல் தமிழின் பழைய பின்னக் குறிகள் யூனிகோடில் இடம்பெற்றபோது, அவை அந்த எல்லைக்கு வெளியேதான் அமைந்தன. நம் முந்திரியின் குறியை எழுத ஜாவாவுக்கும் சி ஷார்ப்புக்கும் இரண்டு சார் வேண்டும். ஒற்றைச் சாரை ஓர் எழுத்து என்று நம்பி வெட்டினால் அரை முந்திரிதான் மிஞ்சும்.

சத்தியம் தவறாத செம்மலே!

பூலியன் அவர்கள் பேசுவது இரண்டே சொல்: உண்மை, பொய். அந்த உண்மையின் மதிப்பு என்ன என்று கேட்டால் விபி 6இல் மைனஸ் 1. சி மொழியில் 1. எஸ்கியூஎல் சர்வரின் பிட் பத்தியில் 1. விபி டாட்நெட்டில் எந்த வாசலில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. சிஇன்ட் என்று கேட்டால் மைனஸ் 1, கன்வர்ட் வழியாகக் கேட்டால் 1. ஒரே வரியில் இரண்டையும் எழுதி இரண்டு உண்மைகளையும் பெறலாம். ‘1 என்றால் தகுதியுடையவர்’ என்று எழுதிய அலுவலகத்துக்கு, பழைய புரோகிராம் எண்ணாக மாற்றி அனுப்பிய மைனஸ் 1 வந்து சேர்ந்தால், தகுதியுடைய அத்தனை பேரும் பட்டியலுக்கு வெளியே நிற்பார்கள்.

இல்லையென்று சொல்லாத வள்ளலே!

நல் அவர்களே, தங்களைப் புகழும்போது என் குரல் தழுதழுக்கிறது. தெரியாதது வேறு, பூஜ்யம் வேறு. ஒருவர் வேலையில் சேர்ந்த ஆண்டு எது என்ற கட்டம் காலியாக இருந்தால், பதிவேடு கிடைக்கவில்லை என்று பொருள். அவர் வேலையே செய்யவில்லை என்று பொருளல்ல. டேட்டாபேஸ் இந்த வேறுபாட்டை அறிந்து, காலியான கட்டத்தை நல் என்றே வைத்திருக்கிறது. ஜாவா புரோகிராம் அதை இன்ட்டாகக் கேட்கிறது. இன்ட்டுக்கு ‘இல்லை’ என்ற மதிப்பு கிடையாது. ஆகவே கெட்இன்ட் 0 என்று கொடுத்துவிடுகிறது. ‘இப்போது கொடுத்தது நிஜப் பூஜ்யமா, காலியா?’ என்று வாஸ்நல் மூலம் தனியாகக் கேட்டால்தான் உண்மையைச் சொல்லும். டாட்நெட்டில் இதே காரியத்தைச் செய்தால் புரோகிராம் அங்கேயே நின்று பிழை சொல்லும். நிற்பது முரட்டுத்தனம், கொடுத்து அனுப்புவது வள்ளன்மை என்று ஜாவா பக்கம் தாங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள்.

சுரங்கம் மூடிய ஊரில் இது சின்ன விஷயமல்ல. மூன்று தலைமுறை உழைப்பின் தடயம் பல வீடுகளில் ஒரு பழுப்பேறிய காகிதமும் ஒரு டோக்கன் எண்ணும்தான். அந்தக் காகிதத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது படிக்க முடியாத கட்டங்கள் இருக்கவே செய்யும். ‘தெரியவில்லை’ என்று பதிந்தால் யாராவது தேடுவார்கள், விசாரிப்பார்கள். 0 என்று பதிந்துவிட்டால் தேட ஒன்றுமில்லை. அது விடையாகிவிடுகிறது. கேட்டவருக்கு இல்லையென்னாமல் கொடுத்த அந்தப் பூஜ்யம், ஒரு மனிதரின் முப்பது வருஷத்தை இல்லையென்று ஆக்கக்கூடியது.

அட்டவணையில் ஒளிரும் அரசே!

இத்தனை கீர்த்திகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் அட்டவணை கையேடுகளில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் இன்னொரு மொழி. இன்ட்டுக்கு நேரே இன்ட், லாங்குக்கு நேரே லாங், ஸ்ட்ரிங்குக்கு நேரே ஸ்ட்ரிங். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் ஔவை கண்ட ஆயுதங்கள் பளபளப்பாக இருந்தன என்று அவள் சொன்னது பொய்யல்ல. களம் காணாததால் வந்த பளபளப்பு அது. இந்த அட்டவணையின் ஒளியும் அப்படிப்பட்டதே. 1,510 ரூபாய் 50 பைசாவை அது பார்த்ததில்லை. காலிக் கட்டத்தைப் பார்த்ததில்லை. ‘கோ’வை இரண்டு விதமாக எழுதிப் பார்த்ததில்லை. அதில் மொழிகள் மட்டும் இருக்கின்றன. அகலம், மைனஸ் குறி உண்டா இல்லையா, பாதியை எந்தப் பக்கம் தள்ளுவது, எதை எண்ணி நீளம் சொல்வது, இல்லாததை எப்படிச் சொல்வது ஆகிய ஐந்து பத்திகள் அதில் இருப்பது அபூர்வம்.

களம் கண்ட பெயர்களும் உண்டு. 1999இல் சி மொழித் தரம் அகலத்தையே பெயரில் வைத்து இன்ட்32, இன்ட்64 என்ற வழியைத் திறந்தது. ரஸ்ட் மொழியில் ஐ32, ஐ64, எஃப்64. டாட்நெட்டின் உள்ளேயும் நிஜப் பெயர் இன்ட்32தான்; இன்ட் என்பது சி ஷார்ப் வைத்த செல்லப்பெயர். இந்தப் பெயர்களில் அழகில்லை. பெயரைப் படித்ததும் அளவு தெரிந்துவிடுகிறது. இவற்றை மேடையேற்றிப் புகழ வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்படவில்லை.

எங்கள் விண்ணப்பம்

பாராட்டுமடலின் முடிவில் கோரிக்கை வைப்பது ஊர் வழக்கம். அதைத் தங்களிடம் வைத்துப் பயனில்லை. தாங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படித்தான் இருக்கப் போகிறீர்கள். ஒவ்வொரு மொழியும் தன் காலத்து இயந்திரத்துக்கும் தேவைக்கும் ஏற்பத் தங்களைப் படைத்தது, அதில் குற்றமில்லை. தங்களை இரண்டு மொழிகளுக்கு நடுவே பொருத்திவைக்கிறவர்களிடம் கேட்கிறேன். அவர்களில் பலர் என் ஊர்ப் பிள்ளைகள். பிசகின் விலையைக் கொடுப்பவர்களில் பலர் அவர்களின் அப்பாவும் அத்தையும்.

மக்களே, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு எண் கடக்கும் இடத்தில் டைப்பின் பெயரை நம்பாதீர்கள்; அகலத்தையும், மைனஸ் குறி உண்டா என்பதையும் எழுதி வையுங்கள். காசை டெசிமலில் வையுங்கள், அல்லது பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். ரவுண்ட் என்று மட்டும் எழுதாமல் பாதியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கூட்டிக் கழிக்காத எண்கள், அதாவது ஆதார், பி.எஃப்., செல்போன், வங்கிக் கணக்கு, பின்கோடு எல்லாம் எண்களல்ல. அவற்றை எழுத்தாகவே கொண்டுபோங்கள். தமிழ்ப் பெயரை வாங்கும் இடத்திலேயே ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். காலியாக வந்ததைக் காலியாகவே கொடுங்கள்.

இதைச் செய்தாயிற்றா என்று பார்க்கப் பெரிய பரிசோதனை எதுவும் வேண்டாம். உங்கள் புரோகிராமுக்கு 1,510 ரூபாய் 50 பைசா பி.எஃப். பிடித்தத்தைக் கொடுங்கள், 1,511 வரவேண்டும். 2,147,483,647உடன் ஒன்றைக் கூட்டுங்கள். சரியான விடையோ, உரத்த பிழைச் செய்தியோ வரவேண்டும். ராபர்ட்சன்பேட்டை என்று தமிழில் எழுதி டேட்டாபேஸ் வரை அனுப்பித் திரும்ப வாங்குங்கள். ஒன்பது எழுத்தும் வந்து சேரவேண்டும். சேர்ந்த ஆண்டு தெரியாத ஒரு தொழிலாளியைப் பதியுங்கள். அடுத்த திரையில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கவேண்டும், பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்ற குறிப்போடு.